பழச பழசுன்னு எழுதி ஒட்டி வித்தா என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல, யுனிவர்சிட்டி சேர்ற பிள்ளைங்களுக்கு என்ன லேப்டாப் வாங்கலாம்னு வந்ததப் படிச்சேன். ரீஃபர்பிஷ்டு, அதாவது பழச சரிபண்ணி விக்கிறது, அது பக்கமே போகாதீங்க, புதுசா வாங்குங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த்ல இருக்கேன், கல்யாணமாகி மன்னார்குடிலேர்ந்து இங்க வந்து 22 வருஷம் ஆச்சு, ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு பேருக்கும் லேப்டாப் வாங்கி புதுசுலயும் பட்டாச்சு பழசுலயும் பட்டாச்சு.

மொதல்ல பெரியவன் கதை. 2023ல இங்க யுனிவர்சிட்டியோட வெஸ்ட்வில் கேம்பஸ்ல சேர்ந்தான். கையில அப்ப இருந்தது 5,000 ராண்ட் சொச்சம், அதுக்கு டப்பா பிரிக்காத புதுசு ஒண்ணு வாங்கினோம், செலரான் ப்ராசசர், 4ஜிபி ரேம், 64ஜிபி ஸ்டோரேஜ். சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு குங்குமம் இட்டுதான் தொறந்தோம். மூணு மாசம்கூட நல்லா ஓடல. விண்டோஸ் அப்டேட் வந்தா எடம் இல்லைங்குது, லெக்சர் வீடியோ ஓடும்போது எக்செல் தொறந்தா அப்படியே நின்னுடுது. ரேம் ஏத்தலாமான்னு என் கொழுந்தனார் பின்பக்க மூடியக் கழட்டிப் பார்த்தாரு, ரேம் போர்டோட சேத்து சால்டர் பண்ணியிருக்கு, கூட ஒண்ணு போட ஸ்லாட்டே கிடையாது, ஸ்டோரேஜும் அதே மாதிரிதான். அந்த வருஷம்தான் இங்க லோட்ஷெடிங், அதாவது மொற வெச்சு கரண்ட நிறுத்தறது, ஸ்டேஜ் 6 வரைக்கும் போச்சு, கரண்ட் இருக்கற நேரத்துக்குள்ள அசைன்மென்ட்ட முடிச்சு அனுப்பணும், இது ஆன் ஆகி முடிக்கவே பத்து நிமிஷம். கடைசில பிள்ள லைப்ரரில கம்ப்யூட்டருக்கு வரிசைல நின்னு படிச்சான். இதுதாங்க நாங்க வாங்கின புதுசு.

அப்புறம் சின்னவ, இந்த வருஷம் சேர்றா. அண்ணன் பட்டதப் பார்த்துட்டு இந்த தடவ ஆபீஸ்ல ஓடின நல்ல மெஷினா பழசு வாங்கலாம்னு டிசம்பர்ல டவுன்ல ஒரு கடைக்குப் போனோம். ஐ7, 16ஜிபி ரேம், 4,800 ராண்ட். 'அக்கா இது புதுசு மாதிரிதான், ஐ7க்கு மேல என்ன வேணும்'னு அந்தத் தம்பி சொன்னாரு, நாங்களும் அந்த ஸ்டிக்கரத்தான் பார்த்தோம். மெஷின்லயும் சரி பில்லுலயும் சரி, பழச சரிபண்ணி விக்கிறதுன்னு ஒரு வார்த்த இல்ல.

வீட்டுக்கு வந்து சார்ஜர உருவினா 40 நிமிஷத்துல அணைஞ்சு போச்சு. கொழுந்தனார் விண்டோஸ்லயே இருக்கற பேட்டரி ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டினாரு, கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஒரு வரி அடிச்சா வந்துடுது, கடையிலயே நின்னு எடுக்கலாம். டிசைன் கெப்பாசிட்டின்னு மேல 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு கீழ 17,000. அதாவது மூணுல ஒரு பங்கு உசுருதான் அந்த பேட்டரில மிச்சம். ப்ராசசர் பேரப் பார்த்தா ஐ7-6600யூ. அந்த கோட்டுக்குப் பக்கத்துல வர்ற 6தான் ஜெனரேஷனாம், எத்தனாவது தலைமுறை ப்ராசசர்ங்கறது, 2015ல வந்தது, உள்ள ரெண்டே கோர். 2017ல வந்த ஐ5-8250யூல நாலு கோர் இருக்கு. பேர்ல ஐ7ன்னு இருக்கறதால ஒண்ணும் ஆகப்போறதில்லைன்னு அன்னிக்குத்தான் எனக்கு விளங்கிச்சு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திட்டாங்க, விண்டோஸ் 11க்கு இன்டெல்லுன்னா பெரும்பாலும் 8ஆவது ஜெனரேஷனாவது வேணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும். அதனால ஆபீசுங்கள்லேர்ந்து கழிச்சுக்கட்டுற 6, 7 ஜெனரேஷன் மெஷின்தான் இப்ப நம்ம பிள்ளைங்க தலையில வந்து விழுது.

திருப்பிக் கொண்டுபோனா, 30 நாள் வாரண்டி, ரிப்பேர் மட்டும்தான், பணம் திருப்பித் தரமாட்டோம்னு போர்டக் காட்டறாரு. என் மக கவுண்டர்ல நின்னபடியே ஃபோன்ல இங்கத்து கன்ஸ்யூமர் ப்ரொடெக்ஷன் ஆக்ட்ட, அதான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்த, எடுத்து வாசிச்சா. 2008ஆம் வருஷத்து 68ஆம் நம்பர் சட்டம். 25ஆவது பிரிவுல, ரீகண்டிஷன் பண்ண, அதாவது பழச சரிபண்ணின, சாமான் மேல கம்பெனி பேரு இருந்தா, இது ரீகண்டிஷன் பண்ணதுன்னு கண்ணுல படற மாதிரி நோட்டீஸ் ஒட்டியே ஆகணும்னு இருக்கு. 56ஆவது பிரிவுல, சாமான் சரியில்லன்னா ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம், ரிப்பேரா, வேற சாமானா, பணமாங்கறத வாங்கினவங்கதான் சொல்லணும், கடைக்காரர் இல்ல. ஆனா ஒண்ணு, பேட்டரி வீக்குன்னு முன்கூட்டியே சொல்லி நீங்களும் சரின்னு வாங்கிட்டா அப்புறம் அதையே குறையா சொல்லிக்கிட்டுப் போக முடியாது, அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பில்லுல என்ன எழுதியிருக்குன்னு முழுசா படிங்க. அரை மணி நேரம் பேச்சு நடந்துச்சு, பணம் வந்துச்சு.

அந்தப் பணத்தோட 1,400 ராண்ட் சேத்து வேற எடத்துல ஒரு திங்க்பேட் லேப்டாப் வாங்கினோம், அதுவும் ரீஃபர்பிஷ்டுதான், 8ஆவது ஜெனரேஷன் ஐ5, 16ஜிபி ரேம், 256ஜிபி எஸ்எஸ்டி. ரீஃபர்பிஷ்டுன்னு மூடிலயே ஸ்டிக்கர், பேட்டரி புதுசா மாத்தினதுன்னு பில்லுல எழுத்து. ஃபேக்டரி ரீசெட் பண்ணி வைஃபை போட்டுப் பார்த்தும் வாங்கினோம், ஏன்னா சில ஆபீஸ் மெஷின் அப்படிப் பண்ணா பழைய கம்பெனி பேரக் காட்டி அவங்க ஈமெயில் போடச் சொல்லி பூட்டிக்கும். பெரியவனே இப்ப அத இரவல் கேக்கறான்.

12,000, 15,000 ராண்ட் போட முடிஞ்சவங்க தாராளமா புதுசு வாங்கட்டும், பெரிய டிசைன் சாஃப்ட்வேர் ஓட்டற இன்ஜினியரிங் பிள்ளைங்களுக்கு அதுதான் சரி. ஆனா 6,000 ராண்ட் சுமாருக்கு வாங்கற எங்க மாதிரி வீட்டுக்கு நீங்க எழுதினது உதவாது ஐயா, அந்த விலைக்குக் கிடைக்கிற புதுசு என் மகனோட ஒரு வருஷத்தத் தின்னுடுச்சு.

டர்பன்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கறதுல நம்ம ஆளுங்களும் இருக்காங்க, அந்த நோட்டீஸ ஒட்டுங்கன்னு அவங்களயும் கேட்டுக்கறேன், ஒட்டினா எங்களுக்கு வாங்க தைரியம் வரும். நீங்க அந்த ரெண்டு பிரிவையும் தமிழ்ல ஒரு கட்டம் கட்டிப் போட்டீங்கன்னா நான் வெட்டி கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவேன். க்ளாஸ் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, அதுக்கு முன்னாடி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்