கவுன்சிலர் இல்லாத காலத்தில் கதவைத் தட்டியவர்களுக்கு

ராயபுரம், மார்ச் 2022

எங்கள் தெருவுக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் வணக்கம்.

பிப்ரவரி 19-ல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டோம், 22-ல் முடிவு வந்துவிட்டது, மார்ச் 4-ல் ரிப்பன் மாளிகையில் பிரியா மேயராகப் பதவியேற்றார். 28 வயசு, அதுவும் நம்ம வட சென்னைப் பெண் என்பதால் எங்கள் தெருவில் பட்டாசெல்லாம் வெடித்தார்கள். சுவர் முழுக்க ஜெயித்தவர்களின் சிரித்த முகம், அடியில் வாக்காளப் பெருமக்களுக்கு நன்றி. சந்தோஷம்தான், யார் வேண்டாம் என்றது. ஆனால் அந்தச் சுவரொட்டிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு சிலர் ஞாபகத்துக்கு வருகிறார்கள். மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், இன்றைக்கு மார்க்கெட்டில் எதிரே வந்தால் அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம். இந்த மடல் அவர்களுக்கு.

ஒரு விஷயம் பலருக்கு மறந்தே போயிருக்கும். 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்த பிறகு இந்தத் தேர்தல் வரைக்கும் சென்னையின் 200 வார்டில் ஒன்றிலும் கவுன்சிலர் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் இருந்த அந்த இடைவெளியில்தான் கொரோனா வந்து சேர்ந்தது. ஆகவே அப்போது எங்கள் கதவைத் தட்டிய யாருக்கும் எங்கள் ஓட்டு தேவைப்படவில்லை. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

2020 ஏப்ரல், மே மாதங்கள். மாநகராட்சி தினமும் மண்டலவாரியாகத் தொற்றுப் பட்டியல் போடும், மொத்தம் 15 மண்டலம், அதில் வாரக்கணக்கில் ராயபுரம்தான் முதலிடம். சாயங்காலம் டிவியில் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் வந்து மாவட்டக் கணக்குச் சொல்வார், வேலைவெட்டி இல்லாமல் அடைந்து கிடந்த வீடு மொத்தமும் உட்கார்ந்து பார்க்கும். ராயபுரம் என்றாலே அடையாறில் இருக்கும் என் நாத்தனார் போனையே கொஞ்சம் தள்ளிப் பிடித்துத்தான் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு அறையில் ஐந்து பேர் படுக்கிற வீடுகள் இங்கே எத்தனையோ இருக்கின்றன, நாலு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, தண்ணீருக்கு ஒரே குழாய். தள்ளி நில்லு என்றால் எங்கே போய்த் தள்ளி நிற்பது?

அந்த எண்களைக் குறை சொல்லவில்லை, அவை வேண்டும். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது. நாளைக்குப் பால் வருமா, எங்கள் தெருவுக்கு ரேஷன் டோக்கன் எந்தத் தேதி, பக்கத்துத் தெருவை ஏன் அடைத்திருக்கிறார்கள், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எந்தக் கடையில் இருக்கிறது, இதெல்லாம்தான் எங்களுக்குச் செய்தி. சரியான சேதி சரியான நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏப்ரல் 25-ல் பார்த்தோமே. 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது என்று முந்தின நாள் அறிவித்தார்கள், சனிக்கிழமை காலையில் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, கோயம்பேட்டில் ஆளை ஆள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஒரு நாள் கூட்டம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த சில நாளில் கோயம்பேடு பெரிய தொற்று மையமாகி, மே 5-ல் சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்குக் கொண்டுபோகும்படி ஆனது.

அதனால் முதல் நன்றி மெடிக்கல் ஷாப் தம்பிக்கு. தம்பி, நீ எங்கள் தெரு வாட்ஸப் குழுவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். வெங்காயத்தைச் சுட்டுச் சாப்பிட்டால் வைரஸ் செத்துவிடும், ராத்திரி பத்து மணிக்கு ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கப்போகிறார்கள், நாளையிலிருந்து பதினைந்து நாளைக்குப் பால் கிடையாது. நீ ஒரு நாள் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டு, இனிமேல் நான் மட்டும்தான் போடுவேன், போடுவதற்கு முன் கோட்ட அலுவலகத்துக்கோ கடைக்காரருக்கோ போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்றாய். ஒவ்வொரு சேதிக்கும் கீழே ‘கேட்டாச்சு’ அல்லது ‘இன்னும் தெரியலை’ என்று எழுதுவாய். அந்த ‘இன்னும் தெரியலை’ இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு உன்மேல் நம்பிக்கை வரக் காரணம். பெரிய பெரிய ஆட்களெல்லாம் தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துவிட்ட காலம் அது. போன் இல்லாத கிழவிகளுக்காக அதையே மளிகைக் கடை அண்ணாச்சி தன் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவைப்பார். அரிசி விலை எழுதுகிற பலகை. அண்ணாச்சிக்கும் நன்றி, அந்த மாதங்களில் கடன் நோட்டை மூடியே வைத்திருந்ததற்குத் தனி நன்றி.

அடுத்தது சர்வே அக்கா. அவளுக்கு இருபத்துமூன்று இருபத்துநாலு வயதுதான் இருக்கும், ஆனால் எழுபது வயசுத் தாத்தா முதற்கொண்டு எல்லோரும் சர்வே அக்கா என்றே கூப்பிட்டோம். மாநகராட்சி வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்தபோது வந்தவள், டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாளாம். காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, வாசனை தெரியுதா, வெளியூரிலிருந்து யாராவது வந்தாங்களா. தினமும் அதே கேள்வி. முதல் வாரம் எங்களுக்கே எரிச்சல், சிலர் கதவைத் திறக்கவே மாட்டார்கள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இருக்கிறது என்று சொன்னால் கொண்டுபோய் எங்கேயோ அடைத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தைத் திட்டிப் போக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாசலுக்கு வெளியே நின்றபடியே, பாசிட்டிவ் என்றால் என்ன நடக்கும், ஸ்கிரீனிங் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், பெரிதாக ஒன்றும் இல்லையென்றால் வீட்டிலேயே தனி அறை இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் நந்தம்பாக்கம் வர்த்தக மையம் மாதிரி ஏதாவது ஒரு மையத்தில் படுக்கை, சாப்பாடு எல்லாம் உண்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாகச் சொல்வாள். தெருமுனையில் காய்ச்சல் முகாம் போட்டபோது கூட்டம் வந்ததென்றால் அது மைக்கில் கத்தியதால் அல்ல.

ஜூனில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. சென்னையில் ஒரு நாளைக்கு 2,000 பேருக்கு என்ற அளவை நோக்கி எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த நேரம், 19-ஆம் தேதியிலிருந்து மறுபடி முழு ஊரடங்கு வேறு. வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தகரம் அடித்தார்கள், எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சாத்தப்பட்டன (இப்போது அதே ஜன்னல்வழியாக எனக்குக் குழம்பு வருகிறது, அதனால் அதை விட்டுவிடுவோம்). அவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், மூச்சு வாங்குகிறது என்றுகூடச் சொல்லவில்லை. சர்வே அக்கா தகரத்துக்கு மேலாக ஆக்சிமீட்டரை நீட்டி, விரலில் மாட்டச் சொல்லிப் பார்த்தாள், 91. இன்னொரு விரலில் பார்த்தாள், அதேதான். சும்மா பேசிக்கொண்டே பத்தடி நடக்கவிட்டுப் பார்த்தாள், இன்னும் இறங்கியது. அங்கேயே நின்று சுகாதார ஆய்வாளருக்குப் போன், அப்புறம் 108. வண்டி வருகிறவரை அவள் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்து வந்தார். ஆக்சிஜன் குறைந்தும் மூச்சுத்திணறல் தெரியாமலே இருக்கும் என்பதெல்லாம் நாங்கள் பின்னால் தெரிந்துகொண்டது, அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது. ஸ்டான்லியில் அந்தக் கவச உடுப்புக்குள் வேர்த்துக்கொண்டு நின்ற நர்ஸம்மாக்களுக்கும் டாக்டர்களுக்கும் இந்த இடத்திலேயே கைகூப்பிக்கொள்கிறேன்.

தகரத்துக்கு உள்ளே நாங்கள் இருந்த நாட்களில் சோறு வந்த வழி அம்மா உணவகம். முழு ஊரடங்கில் அங்கே காசு வாங்கவில்லை, ஆனால் காசு வாங்காததைவிட, காலை நாலு மணிக்கே வந்து அடுப்பு மூட்டிய அந்த மகளிர் குழுப் பெண்களைத்தான் சொல்ல வேண்டும், பஸ் ஓடாத காலத்தில் அவர்கள் நடந்தே வந்தார்கள். இட்லியும் சாம்பார் சாதமும் எங்கள் வாசலுக்கு வர ஏற்பாடு செய்தவர் மாநகராட்சி வைத்திருந்த தன்னார்வலர் ஒருவர், கல்லூரிப் பையன், கபசுரக் குடிநீரையும் அவனே கொண்டுவருவான், குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பான். கசப்புக்காக அவனை நான் சபித்ததுண்டு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் தம்பி. ஏப்ரலில் 1,000 ரூபாயும் பொருளும் வாங்கக் கூட்டம் சேரக்கூடாதென்று வீட்டுக்கே வந்து டோக்கன் கொடுத்துப்போன ரேஷன் கடை ஊழியருக்கும் நன்றி, அவர் அதற்கு முன் எங்களிடம் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை, ஆனால் ஒரு அட்டை விடுபடவில்லை.

தூய்மைப் பணியாளர் அண்ணன்களே, அக்காக்களே, உங்களுக்கு எழுதும்போதுதான் கை கொஞ்சம் தயங்குகிறது. எல்லோரும் உங்களுக்குக் கைதட்டினார்கள், காலில் பூப்போட்டார்கள், படம் எடுத்தார்கள். தண்ணி குடிக்க டம்ளர் கேட்டபோது அதே கைகள் டம்ளரைத் தூரத்தில் வைத்தன. பாசிட்டிவ் வீட்டுக் குப்பையைத் தனிப் பையில் எடுத்துப் போனவர்கள் நீங்கள், பிளீச்சிங் பவுடர் போட்டவர்கள் நீங்கள், உங்களில் பலருக்கு வேலை நிரந்தரமும் கிடையாது. தினக்கூலி, அதிலும் ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போச்சு. பேட்டரி வண்டியில் வருகிற அண்ணன் ஒருவர் இரண்டாம் அலையில் போய்விட்டார். அவர் வீட்டுக்கு நன்றி சொல்லிக் காகிதம் அனுப்புவதில் அர்த்தமில்லை என்று நினைத்து, தெருவில் சேர்ந்த பணத்தை அவர் மகளுடைய பள்ளிக் கட்டணத்துக்குக் கட்டினோம், இந்த வருஷமும் கட்டுவோம். இதை இங்கே எழுதுவது பெருமைக்கு இல்லை, கட்டாதவர்களுக்கு ஞாபகப்படுத்த.

எண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் அதுவரை கணக்கில் வராமல் இருந்த 444 மரணங்களை அரசு ஒரே நாளில் சேர்த்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் சுகாதாரத் துறையின் கணக்கையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று கேள்வி எழுப்பிய பத்திரிகையாளர்கள் இல்லையென்றால் அது நடந்திருக்குமா தெரியாது. அவர்களுக்கும் நன்றி. தாமதமாகவாவது ஒத்துக்கொண்டதற்கு அரசுக்கும் சேர்த்தே சொல்கிறேன், அரை நன்றி.

2021 வேறு மாதிரி. மே மாதம் ஜி.எச். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதும், ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்திலும் பிறகு நேரு ஸ்டேடியத்திலும் ஜனங்கள் வெயிலில் நின்றதும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படுக்கைக்கு 104-க்குக் கூப்பிடுங்கள், அலையாதீர்கள் என்று மெடிக்கல் ஷாப் தம்பி ராத்திரி ஒரு மணிக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தான். மே 24-லிருந்து கடைகளையெல்லாம் மூடியபோது காய்கறி வண்டி தெருவுக்கே வந்தது, அது எத்தனை மணிக்கு எந்த முனைக்கு வரும் என்பதும் பலகையில் இருந்தது, முந்தின வருஷத்து அடிதடி இல்லை.

தடுப்பூசிக்குத்தான் பெரும் பாடு. நடிகர் விவேக் ஏப்ரல் 15-ல் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தானே போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள், எங்கள் தெரு நம்பவில்லை. என் அம்மா நம்பவே இல்லை. சர்வே அக்கா விவாதமே பண்ணவில்லை. முகாம் அன்று தன் அம்மாவை அழைத்துவந்து எங்கள் வாசல் திண்ணையில் உட்காரவைத்து, இவங்களும் இன்னிக்குத்தான் போட்டுக்கப் போறாங்க, துணைக்கு வரீங்களா பாட்டி என்றாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். செப்டம்பர் 12-ல் மெகா முகாம்கள் தொடங்கியபோது அம்மா மற்ற கிழவிகளை இழுத்துக்கொண்டு போகிற ஆளாகியிருந்தாள்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை. ஒப்பந்த வேலை, முடிந்தது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். சுகாதாரப் பணிக்கு விண்ணப்பிக்கிற இடங்களில் அனுபவச் சான்று கேட்கிறார்களாம், அவளிடம் பழைய அடையாள அட்டையைத் தவிர ஒன்றுமில்லை. எனவே புதுக் கவுன்சிலருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். மாநகராட்சி அவளுக்கும் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும் முறையான பணிச் சான்று கொடுக்க வேண்டும், இனி வார்டில் ஆள் எடுக்கும்போது இவர்களை முதலில் கூப்பிட வேண்டும், இரண்டே கோரிக்கைதான். தெருவில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டாயிற்று, மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள், நோட்டு அண்ணாச்சி கடையில் இருக்கிறது, பேனாவும் கட்டித்தான் வைத்திருக்கிறார்.