தேநீர்க் கடையோடு பங்கு போடாத ஒரு பிளக் பாயிண்ட்: கண்காட்சிக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், பொழுதுபோக்குக் கண்காட்சிக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை டர்பன் சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் ஐந்து முறை கரண்ட் போனதும், ஐந்தாவது முறை திரும்பி வந்தபோது என் மேசையிலிருந்து ஒன்று தரையில் விழுந்ததும் உங்களுக்குத் தெரியும். உங்களில் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றிருந்தீர்கள். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அடுத்த வருடம் மேசை மேல் ஓடும் என் மாதிரி ரயில் லேஅவுட்டுக்கு, தேநீர்க் கடையோடு பங்கு போடாத ஒரு தனி பிளக் பாயிண்ட்.

இதையே ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சலாக எழுதினேன். பதில் வரவில்லை. தமிழ் வளர்க்கும் சங்கமாயிற்றே, தமிழில் கேட்டால் பதில் வரும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் சங்கத்தின் மாலை வகுப்பில் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் படித்த தமிழ் இது.

நான் முப்பத்தொரு வருடம் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன். ஆகவே அன்று நடந்ததை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. தேநீர்க் கடையில் வெந்நீர் கொதிக்க வைக்கும் இரண்டு மின்சாரப் பாத்திரம் (அர்ன்). ஒவ்வொன்றும் 2,500 வாட். நம் 230 வோல்ட்டில் ஒன்றுக்கு ஏறக்குறைய 11 ஆம்ப். இரண்டும் சேர்ந்து கொதித்தால் 22. அந்தச் சுவரிலுள்ள எல்லா பிளக்குகளுக்கும் சேர்த்து இருக்கும் பிரேக்கர் 20 ஆம்ப். இது போதாதென்று அதே மல்டி-பிளக்கில் சமூசா சூடாக வைக்கும் பெட்டியும், மேடை மைக்கின் சார்ஜரும். பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? என் லேஅவுட், விளக்குகள் உட்பட, மொத்தம் இழுப்பது 10 வாட். கைப்பேசி சார்ஜர் அளவு. "உங்கள் ரயில்தான் ட்ரிப் ஆக்குது அங்கிள்" என்று ஒரு தொண்டர் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முதல் தடவை.

மேசை மேலே இருப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக நிகழ்ச்சி நிரலில் அதை 'டாய் ட்ரெயின்' என்றே அச்சடிக்கிறீர்கள்.

1.2 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம். நேட்டால் கரும்புத் தோட்டத்து டிராம் பாதை ஒன்றின் கடைக்கோடி: ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் தகரக் கொட்டகை, நடுவில் மூன்று கிளைப் பாதைகள். அந்தப் பாதைகளின் அகலம் இரண்டடி, அதாவது 610 மி.மீ. 64-ல் ஒரு பங்காகக் குறைத்தால் ஒன்பதரை வரும். கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது. அரை மில்லிமீட்டர் குறைவது என்னைத் தவிர யார் கண்ணையும் உறுத்தியதில்லை. எஞ்சின், 1915-ல் பிரிஸ்டல் நகரத்து ஏவன்சைட் கம்பெனி தென்கரையில் செசெலா சர்க்கரை ஆலைக்குச் செய்து அனுப்பிய நாலு சக்கர எஞ்சின்களின் சாயலில் நானே செய்தது. உள்ளே மோட்டாரும் சக்கரமும் விலைக்கு வாங்கியவை. உடம்பு முழுக்க அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு. ரிவெட் ஒவ்வொன்றையும் பின்பக்கமிருந்து தையல் ஊசியால் குத்தி எழுப்பினேன். எட்டு மாதத்துச் சாயங்காலங்கள் அதில் போயின.

முதல் வருடம் விண்ணப்பம் கொடுத்தபோது, ரயிலுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குழுவில் ஒருவர் கேட்டார். டர்பனில் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26. சென்னையிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது அதே வருடம் நவம்பர் 16. ஐந்து மாதம்கூட இடைவெளி இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் கரும்புக்குப் போனார்கள், சிலர் ரயில் பாதைக்கே போனார்கள். என் தாத்தாவின் அப்பா வெட்டிய கரும்பை இப்படியொரு வண்டியில்தான் ஏற்றினார். சம்பந்தம் இது போதுமா?

அந்த எஞ்சின்தான் ஞாயிற்றுக்கிழமை விழுந்தது.

என் லேஅவுட்டில் ரயில் வட்டமாகச் சுற்றாது. அது ஒரு விளையாட்டு. எட்டு கரும்பு வண்டிகள், அவற்றின் பக்கவாட்டில் ௧ முதல் ௮ வரை தமிழ் எண்கள். ஒரு பாதையில் ஐந்து வண்டிக்கு இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்குத்தான் இடம். பிள்ளைகள் ஐந்து சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் வந்த வரிசைப்படியே ஐந்து வண்டிகளைக் கோத்து வெளியே இழுத்து வர வேண்டும். 6,720 விதமாக வரிசை வரலாம் என்பதால் ஒரே ஆட்டம் திரும்பி வருவது அபூர்வம். வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த பழைய ஷண்டிங் புதிர்தான். தமிழ் எண் மட்டும் என் கைச்சரக்கு. சங்கத்து வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்தும் ௭-க்கும் ௮-க்கும் வித்தியாசம் தெரியாத பையன், இங்கே கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டு போனான். யாரையும் குறை சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

அன்று ஒன்பது வயது இருக்கும் ஒரு சிறுமி ஆடிக்கொண்டிருந்தாள். நான்கு வண்டி கோத்துவிட்டாள். ஐந்தாவதை எடுக்க எஞ்சின் நகரும்போது கரண்ட் போனது. எஞ்சின் நின்றுவிட்டதே என்று அவள் கண்ட்ரோலர் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். முந்தைய நான்கு தடவையும் நான் குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். இந்தத் தடவை ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் திரும்பியிருந்தேன். யாரோ போய் பிரேக்கரைத் தூக்கிவிட்டார்கள். 12 வோல்ட்டும் ஒரே மூச்சில் வந்தது. எஞ்சின் நான்கு வண்டியையும் இழுத்துக்கொண்டு, பல்குச்சியால் நான் செய்த முட்டுக்கட்டையை முறித்துக்கொண்டு, மேசை ஓரத்தைத் தாண்டித் தரையோட்டில் போய் விழுந்தது. புகைபோக்கி ஒரு பக்கம், இணைப்புத் தண்டு ஒரு பக்கம். முன் சக்கரம் அச்சிலிருந்து கழன்று ஊறுகாய்க் கடை வரைக்கும் உருண்டது.

தான்தான் உடைத்துவிட்டோம் என்று அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்தது. உன் மேல் தப்பில்லை அம்மா என்றேன். அப்படியானால் யார் மேல் என்று கேட்டது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அதே நேரத்தில் மேடையிலிருந்து, "பயப்படாதீங்க, இது லோட்-ஷெடிங் இல்லை!" என்று அறிவிப்பு. மண்டபமே சிரித்தது. பிறகு குழுவிலிருந்து ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். "பசை போட்டு ஒட்டிக்கலாம் அங்கிள், பொம்மைதானே." இன்னொருவர், ஓரத்தில் தடுப்பு வைத்திருக்கலாமே என்றார். அது நியாயம். வைத்திருக்கலாம். திங்கட்கிழமை காலையிலேயே வைத்துவிட்டேன். என் பங்கை நான் செய்துவிட்டேன், உங்கள் பங்கு ஒரு பிளக் பாயிண்ட்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. ரிமோட் கார் ஓட்டுகிற தம்பிகளுக்கு மேடைக்கு முன்னால் இடம், தனி லைன். மாடல் விமானக்காரர்களுக்கு ஜன்னல் ஓரம். எனக்கு மூன்று வருடமும் சாப்பாட்டுப் பக்கம். சின்னதுதானே, எங்கே வைத்தால் என்ன என்ற எண்ணம். வடைச் சட்டியிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் புகை கண்ணுக்குத் தெரியாமல் தண்டவாளத்தில் படிகிறது. சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, அதனால் அந்தப் படலமே எஞ்சினை நிறுத்தப் போதும். கால் மணிக்கு ஒரு தடவை ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வடை நன்றாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிறப்பு விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தார். அவருக்கு மாலை, சால்வை, நாற்பது நிமிடப் பேச்சு. நம் பிள்ளைகள் வரலாற்றை மறந்துவிட்டார்கள் என்று வருந்தினார். வரலாறு இருபதடி தூரத்தில், வடைச் சட்டிக்குப் பக்கத்தில், கரண்ட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் வரவில்லை. ஆடியில் கூழ் ஊற்றும்போது எத்தனை பானை வந்தாலும் இடம் கண்டுபிடிக்கிற சங்கம் இது. கோவிலுக்குக் காவடி எடுக்கும்போது தெருவையே ஒழுங்குபடுத்துகிற சங்கம் இது. சுவரில் காலியாக இருக்கும் ஒரு பிளக்கைக் கண்டுபிடிக்கவா முடியாது?

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

ஒன்றை மட்டும் குழு கவனத்தில் கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்தின் கிழக்குச் சுவரில், நாற்காலி அடுக்கும் அறைக்கு வெளியே, வேறு பிரேக்கரில் ஒரு பிளக் இருக்கிறது. பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டைத் திறந்து நானே பார்த்தேன். அன்று முழுக்க அதில் யாரும் எதையும் செருகவில்லை. அந்தச் சுவர் ஓரமாக ஆடாத ஒரு மேசை கிடைத்தால் போதும். கேபிள் நான் கொண்டு வருகிறேன், ஒட்டுகிற டேப்பும் நானே. சமையல் பக்கத்துக்குப் புதிதாக ஒரு லைன் இழுக்க வேண்டுமானால் அதையும் கூலியில்லாமல் செய்து தருகிறேன் என்று போன வருடமே சொன்னேன். "கமிட்டியில் பேச வேண்டும்" என்றீர்கள். பேசியாகிவிட்டதா?

தேநீர்க் கடை அக்காமீது எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. அவருக்கும் அந்த ஒரே சுவரைத்தானே காட்டினீர்கள். ஐந்து முறையும் ஆறிப்போன தண்ணீரை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களிடம் அவர்தான் பேச்சு வாங்கினார்.

மேசைக் கட்டணம் 250 ராண்டைத் திருப்பிக் கேட்கவில்லை. எஞ்சினுக்கு நஷ்ட ஈடும் கேட்கவில்லை. அடுத்த வருடத்துக்கான விண்ணப்பத்தை இதோடு இணைத்திருக்கிறேன். 'சிறப்புத் தேவைகள்' என்ற கட்டத்தில் மூன்று வருடமாக எழுதும் அதே வரியைத்தான் இந்த வருடமும் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அதைப் படிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேசை எண் 31

பி.கு.: விழுந்த வண்டிகளில் ௫-ஆம் எண் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. சுண்டுவிரல் நீளம், பச்சை நிறம், மேலே காய்ந்த புல்லால் செய்த கரும்புக் கட்டு. மண்டபத்தைப் பெருக்குகிறவர்கள் கண்ணில் பட்டால், குப்பை என்று போட்டுவிடாமல் அலுவலகத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.