பெட்டியில் ஒரு ரகம், உள்ளே வேறு ரகம்: டிரில்லிங் மெஷின் பேரிங் பற்றிய புகார்

அனுப்புநர்:
லேத் பட்டறை உரிமையாளர்,
கே.புதூர், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இணையவழி பேரிங் விற்பனை நிறுவனம்.

பொருள்: ஆர்டர் செய்த ரகத்துக்குப் பதிலாக வேறு பேரிங் அனுப்பிவிட்டு, பணத்தைத் திருப்பித் தர மறுப்பது.

ஐயா,

வணக்கம். பழைய பில்லர் டிரில்லிங் மெஷின் ஒன்றில் பிட்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலுக்காக உங்கள் இணையதளத்தில் 6204 என்ற எண்ணுள்ள இரண்டு பேரிங் வாங்கினேன். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, பி6 என்ற கூடுதல் துல்லியத் தரம், சாதாரண கிளியரன்ஸ் (உள் இடைவெளி) என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் பணம் கட்டினேன். பில்லில் அப்படித்தான் இருக்கிறது, பெட்டியில் ஒட்டிய லேபிளிலும் அப்படித்தான். ஆனால் உள்ளே வந்த பேரிங்கில் பொறித்திருப்பது 6204 2ஆர்எஸ் சி3. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்க ரப்பர் மூடி, சி3 என்றால் கூடுதல் கிளியரன்ஸ். பி6 என்பது எங்குமே இல்லை.

பெட்டியைப் பிரித்த அன்றே படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிக் கேட்டேன். "சைஸ் ஒன்றுதான் சார், தாராளமாகப் போடலாம்" என்று பதில் வந்தது. நீங்கள் சொன்னதை நம்பித்தான் பொருத்தினேன். ஓட்டிப் பார்த்தால் பிட் அலைகிறது. இப்போது கேட்டால், பொருத்திய பேரிங்கைத் திரும்ப எடுக்க மாட்டோம், அடித்துப் பொருத்தியதால் வந்த கோளாறு என்கிறீர்கள். போடச் சொன்னதும் நீங்கள்தான், போட்டதைக் காரணம் காட்டி மறுப்பதும் நீங்கள்தான். இது நியாயமா?

சைஸ் ஒன்றுதான், மறுக்கவில்லை. உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். வித்தியாசம் இருப்பது குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே விடும் இடைவெளியில். 6204-ல் சாதாரண ரகத்துக்கு அது 5 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சி3 என்றால் 13 முதல் 28 மைக்ரான். சி3 மட்டமான சரக்கு என்று நான் சொல்லவே இல்லை. சூடேறி ஓடுகிற மோட்டாருக்கு அதுதான் பொருத்தம். சூட்டில் உள் வளையம் விரிந்து, கூடுதலாக விட்ட இடைவெளியை எடுத்துக்கொள்ளும். டிரில்லிங் ஸ்பிண்டில் அவ்வளவு சூடாவதில்லை. அதனால் அந்த பிளே, அதாவது தளர்வு, அப்படியே நிற்கிறது, ஓட்டை போட அடித்து வைத்த பஞ்ச் குறியில் பிட் உட்காராமல் அலைகிறது. பி6-ஐக் கேட்டதும் காரணத்தோடுதான். அந்தத் தரத்தில் உள் வளையத்தின் ஓட்டப் பிசகு, அதாவது சுற்றும்போது மையம் விலகுவது, 8 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், சாதாரணத் தரத்துக்கு 13 வரை போகலாம்.

அடித்துப் பொருத்தினேன் என்பது உண்மையல்ல. ஸ்பிண்டிலை வி-பிளாக் என்ற V வடிவத் தாங்கியில் வைத்து உருட்டி, வளைவு இல்லை என்று டயல் கேஜில் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) பார்த்தேன். பேரிங் உட்காரும் இடம் மைக்ரோமீட்டரில் 20.01 மில்லிமீட்டர் இருந்தது. இறுக்கமாக உட்காருவதற்கு ஏற்ற அளவு அது. உள் வளையத்தை மட்டும் தொடும்படி ஒரு குழாய்த் துண்டைக் கடைந்து, அதை வைத்து ஹேண்ட் பிரஸ்ஸில் மெதுவாக இறக்கினேன். வெளி வளையத்தில் அழுத்தினால் மொத்த அழுத்தமும் குண்டுகள் மேல் விழுந்து, அவை ஓடுகிற தடத்தில் குழி விழும். பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கே முதலில் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது.

பொருத்திய பிறகு, ஸ்பிண்டிலின் டேப்பருக்குள் (அடிமுனையில் உள்ள கூம்புத் துளை) டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் 0.05 மில்லிமீட்டர் ஆட்டம். உங்கள் பேரிங்குகளைக் கழற்றிவிட்டு, மதுரையிலேயே கடையில் வாங்கிய பி6 ஜோடியை அதே ஸ்பிண்டிலில் அதே குழாய்த் துண்டை வைத்து ஏற்றினேன். 0.02-க்கு வந்துவிட்டது. பொருத்திய முறைதான் கோளாறு என்றால் இரண்டாவது ஜோடியும் ஆடியிருக்க வேண்டும் அல்லவா?

இந்த மெஷின் மூடிப்போன ஒரு நூற்பாலையின் ஏலத்தில் வந்தது. இதைப் போன்ற கனமான வார்ப்பிரும்பு டேபிளும் அடிக்கட்டையும் இன்று என் கைக்காசுக்குள் கிடைக்காது. பேரிங் சரியாக இருந்தால் இன்னும் ஒரு தலைமுறை வேலை செய்யும். பம்ப்செட் ஃபிளேஞ்சுக்கு ஓட்டை போட்டுக் கொடுப்பது என் அன்றாடப் பிழைப்பு. ஓட்டை நகர்ந்தால் போல்ட் ஏறாது, வாடிக்கையாளர் என்னைத்தான் கேட்பார்.

ஆகவே, பேரிங் விலையையும் அனுப்பும் செலவையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். பேரிங்குகளை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த லேபிளை ஒட்டியது யார், அதே சரக்கில் வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்பதையும் பார்த்து அவர்களுக்குச் சொல்லுங்கள். இங்கே புதூரிலும் கப்பலூர் தொழிற்பேட்டையிலும் இணையத்தில் பேரிங் வாங்குகிற சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. எல்லோரிடமும் டயல் கேஜ் இருக்காது.

பட்டறைக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கித் தானே பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். அப்புறம் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

இணைப்பு: பில் நகல், லேபிள் மற்றும் பேரிங் படங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் நகல்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கே.புதூர், மதுரை.