கொம்பு நகர்த்தும் பொடியன்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு.

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் பிரஷர் பரவாயில்லை. நேற்றைய மழையில் பின்முற்றம் முழுக்கத் தண்ணீர். மூன்று சனிக்கிழமையாகப் பேரன் போனுக்கு வரவில்லை. தூங்குகிறான், குளிக்கிறான் என்கிறாய். சரி.

பின்னேரங்களில் கீழ்வீட்டுப் பொடியனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். தரம் 5. எழுத்துப் பழகும் வயதில், 2020, 2021 இல், பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த பிள்ளை. புலமைப்பரிசில் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அ, ஆ என்று தொடங்கினால் 247 எழுத்தையும் பாட்டாக ஒப்பிப்பான். அட்டைகளைக் கலைத்துப் போட்டு ஒன்றைத் தொட்டால் வாய் மூடிவிடும். தரம் 5 புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, எங்கே தடுக்குகிறான் என்று ஒரு கிழமை பார்த்தேன். கொம்பில்தான், ெ, ே என்று எழுத்துக்கு முன்னால் போடும் குறியில். கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தம் பின்னால் வருகிறது. கண்டதும் நின்றுவிடுகிறான். கொம்பைத் தனித்துண்டாக வெட்டி, அவன் வாயில் புழங்கும் சொற்களையே எடுத்தேன்: கொத்து, தொப்பி, தேத்தண்ணி. துண்டை நகர்த்தி நகர்த்தி, 'தேத்தண்ணி' என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் மகள்.

இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும் இப்படித்தான் செய்கிறது. எந்த வகுப்பு என்று பார்ப்பதில்லை. எழுத்தா, சொல்லா, பந்தியா, கதையா, பிள்ளை எதுவரை வாசிக்கிறது என்று பார்த்துக் குழு பிரிக்கிறார்கள். இங்கிலாந்தில் முதலாம் ஆண்டில் 40 சொல் வாசிக்க வைப்பார்கள், பாதிக்கு அர்த்தமே இல்லை என்று நீ சொன்னபோது சிரித்தோமே, இப்போது விளங்குகிறது. பாடமாக்கி வைத்த பிள்ளை அங்கே அகப்பட்டுவிடும்.

பேரனின் படிப்பை நான் கேட்கவில்லை. கெட்டிக்காரன் அவன். நீ நாலு வயதில் வீரகேசரிப் பேப்பர்த் தலைப்பு வாசித்தாய், அதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. அதட்டாதே.

அதட்டாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. 31 வருடம் படிப்பித்தவள் நான். உன் தம்பி சொல்வதெழுதலில் 20க்கு 3 எடுத்த அன்று, அடிமட்டத்தால் அடித்துவிட்டு, உன் கொப்பியை அவன் முன்னால் விரித்து வைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். 'பள்ளிக்கூடம்' என்று 50 தடவை எழுதச் சொன்னேன். 50 தடவையும் 'பல்லிக்கூடம்' என்று எழுதி வைத்திருந்தான். லகரமும் ளகரமும் அவனுக்கு எங்கே குழம்புகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்காமல் இன்னொரு 50 எழுத வைத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் பொறுமையான டீச்சர். இன்றைக்கும் கட்டாரிலிருந்து அவன் குரல்தான் அனுப்புகிறான், ஒரு வரி எழுதியதில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

இரவில் 15 நிமிடம் போதும். அவன் வகுப்புப் புத்தகம் வேண்டாம், ரயில்ப் படம் போட்ட லேசான புத்தகமாக எடு. ஒரே பக்கத்தை மூன்று நாள் வாசிக்கட்டும். பிழை விட்டால் கொஞ்சம் பொறு, அவனாகத் திரும்பி வருவான். மருமகனிடமும் சொல், அதட்ட வேண்டாம்.

சனிக்கிழமை பேரனைப் போனுக்குக் கூப்பிடு. வாசிக்கச் சொல்ல மாட்டேன். கீழ்வீட்டுப் பொடியன் இங்கே இருப்பான், கொம்பு நகர்த்துவதை லண்டன் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று அவனே கேட்டான்.

அம்மா