ஈரத்தோடு உள்ளே போகும் காய்கறி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்கறி வாங்கி வந்த கையோடு மொத்தத்தையும் தண்ணீரில் கொட்டிக் கழுவி, பையில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் மூன்றாம் நாளே கீரை கொழகொழவென்று ஆவதற்கும், பீன்ஸில் பூஞ்சை படர்வதற்கும் பெரும்பாலும் அந்த ஈரமே காரணம். வாங்கி வந்ததும் செய்ய வேண்டியது பிரித்துப் பார்ப்பது. கழுவுவது சமைக்கும் முன்பு. இந்த வரிசை மாறிப்போவதால் எவ்வளவோ நல்ல காய் குப்பைக்குப் போகிறது என்ற வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

இலையின் மேலும் காயின் தோலிலும் பூஞ்சை வித்துகளும் பாக்டீரியாக்களும் எப்போதும் இருக்கும். வறண்ட தோலில் அவை அடங்கிக் கிடக்கும். மெல்லிய நீர்ப்படலம் கிடைத்தால் பெருகத் தொடங்கும். தேய்த்துக் கழுவும்போது காயின் மெழுகுப் பூச்சும் கொஞ்சம் போய்விடுவதால் அதன் இயற்கைக் காப்பும் குறைகிறது.

ஆகவே முதலில் கீரைக்கட்டை அவிழ்த்துவிடுங்கள். நாரோ ரப்பர் பேண்டோ இறுக்கிய இடத்தில் தண்டு நசுங்கியிருக்கும். அழுகல் அங்கிருந்துதான் கிளம்பும். பழுத்த இலையையும் அடிபட்ட காயையும் தனியே எடுத்துவிட வேண்டும். கேரட், பீட்ரூட், முள்ளங்கி தழையோடு வந்தால் தழையை வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கிழங்கு துவண்டு போகும். கீரையை உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வைத்து, துணி நனைந்ததும் மாற்றுங்கள். கொத்தமல்லிக்கு வேறு வழி உண்டு: தண்டின் நுனியை வெட்டி, இரண்டு விரல் உயரத் தண்ணீருள்ள டம்ளரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். காளானைக் காகிதப் பையில் வைப்பது நல்லது. மண் அப்பிக் கிடக்கும் கீரையைக் கழுவித்தான் ஆக வேண்டுமென்றால், துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் முழுதும் உலர்ந்த பிறகே உள்ளே வையுங்கள். கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர வேண்டும்.

ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்பது சரி. அந்தக் குளிர் எல்லாக் காய்க்கும் ஒத்துவராது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். கீரை, முட்டைகோஸ், காலிஃபிளவர், கேரட் எல்லாம் அதை விரும்பும். வெள்ளரி, கத்தரி போன்றவை 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் தோலில் குழி விழும், கத்தரியின் விதை கறுக்கும், வெளியே எடுத்ததும் சீக்கிரம் அழுகும். அவற்றை அதிகக் குளிர் படாத தட்டில் வைத்து இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடலாம். முழுதாகப் பழுக்காத தக்காளியை ஃபிரிட்ஜில் வைத்தால் ஒழுங்காகப் பழுக்காது, மணமும் குறையும். நன்றாகப் பழுத்ததை மட்டும் வையுங்கள்.

உருளைக்கிழங்கைக் குளிரில் வைக்கவே வேண்டாம். அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும். இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடமே அதற்கு ஏற்றது. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சொலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கலாம், வேகவைத்தாலும் அது போகாது. வெங்காயத்தை அதன் பக்கத்தில் போடாதீர்கள். உருளை வெளிவிடும் ஈரத்தில் வெங்காயம் முளைத்து அழுகும்.

தக்காளி, ஆப்பிள், வாழை மூன்றும் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் அதனால் மஞ்சளாகும், கேரட் கசக்கும். கெட்டுப்போன கீரைக்குக் கடைக்காரரைக் குறை சொல்லுமுன், அதன் பக்கத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

இனி கழுவும் முறை. முதலில் கையைக் கழுவ வேண்டும். காயை வெட்டுவதற்கு முன்பே கழுவுங்கள். இல்லையென்றால் தோலிலுள்ள அழுக்கைக் கத்தி உள்ளே இழுத்துச் செல்லும். வெட்டிய பின் ஊறப்போட்டால் வைட்டமின் சியும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் தண்ணீரோடு போகும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்தாலே பெரும்பாலான காய்க்குப் போதும். கிழங்குக்கு மட்டும் தனியாக ஒரு பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். கீரையை அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இலையை மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால், அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேலேயே விழும். அடியில் மண் தெரியாமல் போகும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். வெயிலில் சூடான தக்காளியைக் குளிர்ந்த நீரில் போடாதீர்கள். உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காம்பு வடு வழியாக அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் காய்கறிக்கு ஆகவே ஆகாது. தோலின் நுண்துளைகள் அவற்றை இழுத்துக்கொள்ளும், அலசினாலும் முழுதாகப் போகாது. பூச்சிமருந்து பற்றிய கவலை நியாயமானது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஆப்பிளில் இதைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 10 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு டீஸ்பூன், சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியதும் தோல்மேல் இருந்த இரண்டு மருந்துகள் அகன்றன. தோலுக்குள் இறங்கியிருந்தது போகவில்லை. ஆகவே, தோல் கெட்டியான காய்க்கு இதைச் செய்து நன்றாக அலசிக்கொள்ளலாம். எல்லா மருந்தையும் நீக்கிவிடும் என்று யாராவது எதையாவது விற்றால் நம்ப வேண்டாம்.

நறுக்கிய காயை இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பச்சை இறைச்சி இருந்தால் அதற்கு மேல்தட்டில்தான் காய் இருக்க வேண்டும். வாடிய கீரையை உடனே எறிந்துவிடாதீர்கள். தண்டின் நுனியை வெட்டி 20 நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். கொழகொழப்போ வாடையோ வந்திருந்தால் மட்டும் அது திரும்பாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்