ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள தம்பி,

நீ மேசையில் விட்டுப்போன, ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' சித்திரக்கதையின் இரண்டு பாகங்களையும் வாசித்து முடித்தேன். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்த நூலுக்கு 1992இல் புலிட்சர் சிறப்பு விருது ஏன் கிடைத்தது என்பது இப்போது விளங்குகிறது. சித்திரக்கதை சிறுபிள்ளைகளுக்கு உரியது என்று பெரியப்பா சொல்வதை நான் இனி ஏற்கமாட்டேன். அதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் முதற் பாகத்தின் முடிவு என்னை நித்திரை கொள்ள விடவில்லை. இறந்துபோன தாயார் எழுதிவைத்த குறிப்பேடுகளை மகன் கேட்கிறான். எரித்துவிட்டேன் என்கிறார் தகப்பன். நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மீண்ட தகப்பன் வாயால் கேட்டதையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்த ஸ்பீகல்மனால், தாயாரின் மனதில் கிடந்ததை மட்டும் வரைய முடியவில்லை, ஏனெனில் அது அவர் எழுதிய சொற்களில்தான் இருந்தது. படங்களோடு நின்றுவிடாதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

அதே அவுஷ்விட்ஸிலிருந்து மீண்ட இரசாயனவியலாளர் பிரிமோ லெவி 1947இல் வெளியிட்ட நினைவுநூலை அடுத்து வாசி. பிறகு, நம் கொழும்பில் பிறந்த அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதி 2016இல் வந்த முதல் நாவலை எடு. இறுதி யுத்தத்துக்குள் அகப்பட்ட ஓர் இளைஞனின் ஒரு பகலும் இரவுமே கதை. அவன் குளிப்பதைக்கூட அவர் அவசரப்படாமல் எழுதுகிறார். சித்திரக்கதையில் இரண்டு கட்டங்களில் கடந்துவிடக்கூடிய அந்த நேரம் முழுவதும், அவன் நினைப்பதற்குள்ளேயே நாமும் இருக்கிறோம். தமிழிலும் வாசிக்க வேண்டும், தம்பி. சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு ஏ எடுத்த பிள்ளை நீ. தமிழ்ச் சங்க நூலகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவனும் நீதான்.

மார்கழிக்குப் பிறகு உன்னிடமிருந்து வருவது 'சுகம்' என்ற ஒரு சொல்லும் சில படங்களும்தான். அம்மா இரவில் என் கைபேசியை வாங்கி, அந்த ஒரு சொல்லையே மறுபடி பார்க்கிறா. வேலை என்னவாயிற்று, யாரோடு தங்கியிருக்கிறாய் என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. மனதில் கிடப்பதைச் சொல்ல வழி தெரியாமல் இருந்தால், பிறர் எப்படிச் சொன்னார்கள் என்று வாசிப்பது உதவும் என்று மட்டும் நம்புகிறேன்.

சித்தப்பா வைகாசியில் அங்கே வருகிறார். லெவியின் நூலை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வாசிக்கத் தொடங்கியதும் எந்த இடத்தில் மனம் நின்றது என்று எழுது. ஒரு பக்கமாவது எழுது.

அன்புடன்,
அப்பா