காலாண்டு முடிந்த கையோடு பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. வளாகத்தில் மரக்கன்றுகளும் நட்டாயிற்று. தேர்வு முடிவுகள் மொத்தத்தில் திருப்திதான். எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

விடுமுறைக்குப் பைதான் என்ற கணினி மொழியில் சில சின்ன புரோகிராம்கள் கொடுத்திருந்தோம். இரண்டு எண்களைக் கூட்டுவது, வாய்ப்பாடு அச்சிடுவது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்ப்பது, அவ்வளவுதான். திரும்பி வந்த நோட்டுகளில் அழகான கையெழுத்து, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. லேபில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பலருக்கு முதல் வரியிலேயே சின்டாக்ஸ் எரர், அதாவது மொழியின் எழுத்துமுறையில் பிழை. விடையைத் திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் என்பதற்குப் பிறகு அடைப்புக்குறியே இல்லை. அது பைதான் 2 காலத்து எழுத்துமுறை. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம் பாடப்புத்தகத்தில் இருப்பது பைதான் 3. யாரோ எப்போதோ எழுதியது, ஜெராக்ஸ் கடை வழியாக ஒரே வகுப்பில் இத்தனை நோட்டுகளுக்குள் புகுந்திருக்கிறது. வேறு சில நோட்டுகளில் லாம்ப்டா, அதாவது ஃபங்ஷனைச் சுருக்கி ஒரே வரியில் எழுதும் முறை, எல்லாம் இருந்தது. ஒரு வேலைக்கான வரிகளைத் தொகுத்து வைக்கும் ஃபங்ஷன் பாடத்தையே நாங்கள் இன்னும் தொடங்கவில்லை! போனில் ஏஐ-யிடம் கேட்டது என்று ஆசிரியருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

உங்கள் கவலை புரியாமல் இல்லை. பொதுத்தேர்வு ஆண்டு, ரெக்கார்டு நோட்டு முடிய வேண்டும், பிள்ளை இரவில் தூங்கவும் வேண்டும். அண்ணனோ அக்காவோ உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது பாசத்தில்தான். ஆனால் இந்தப் பாடத்தில் தப்பு செய்து பார்ப்பதுதான் பாதிப் படிப்பு.

போன வாரம் லேபில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி கூட்டல் புரோகிராம் எழுதி 5, 7 என்று கொடுத்தாள். 12 வரவில்லை, 57 வந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று முதலில் சொன்னாள். பிறகு தானே ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கீபோர்டில் தட்டுவதை இன்புட் என்ற கட்டளை எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது, அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுகிறது, இன்ட் என்ற கட்டளை போட்டு எண்ணாக மாற்றினால்தான் கூட்டும் என்று பிடித்துவிட்டாள். இனி அவள் அதை மறக்க மாட்டாள். அதே போல எந்த எண்ணிலிருந்து எதுவரை என்று சொல்லும் ரேஞ்சில் 1, 10 என்று கொடுத்தால், கடைசி எண்ணை அது சேர்த்துக்கொள்ளாததால் வாய்ப்பாடு ஒன்பதாம் வரியோடு நின்றுவிடும். ஏன் என்று ஒரு முறை திண்டாடியவருக்கு அப்புறம் விளக்கமே தேவையில்லை. எழுதி வாங்கிய புரோகிராமில் இந்தத் திண்டாட்டம் கிடைக்காது.

இன்னொன்று. லேபில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளம் போட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில் வேலை செய்யச் சொல்கிறோம். "மவுஸ் இருக்கும்போது இந்தக் கறுப்புத் திரை எதற்கு சார்?" என்று சிலர் கேட்டீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான் ஓடுகிறது. டெர்மினலில் பிள்ளை எந்த ஃபோல்டரில் நிற்கிறது, ஃபைல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தானே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் அது வேறு ஃபைல். ஃபைலை நீக்கும் ஆர்எம் கட்டளையை அடித்து அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். அதனால்தான் இணையத்தில் பார்த்த கட்டளையை அர்த்தம் தெரியாமல் அடிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். இதில் ஹேக்கிங் எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.

சரி, இனி நடைமுறை இதுதான். வீட்டில் எழுதிய புரோகிராமை மாணவர் ஆசிரியர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு வரியை மாற்றச் சொன்னால் மாற்றிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ரெக்கார்டில் கையெழுத்து. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது. இரவு பத்து மணிக்கு ஆசிரியருக்குப் போன் செய்து "இந்த ஒரு தடவை போட்டுவிடுங்கள்" என்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். செய்முறைத் தேர்வன்று வெளிப் பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பிள்ளை தனியாகத்தான் உட்கார வேண்டும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையே என்று யாரும் சங்கடப்பட வேண்டாம். செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரை வரை லேப் திறந்திருக்கும். தாளில் எழுதிக்கொண்டு வந்தாலும் போதும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, மதிப்பெண் குறையாது. நீங்கள் புரோகிராம் படித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சாப்பிடும்போது "இந்த வரி என்னப்பா செய்யுது?" என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் சொல்லிவிட்டால், அது அவர்கள் எழுதியது.

லேப் நாட்களில் வேலையை விட்டுவிட்டு வாசலில் காத்திருந்து பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோருக்கும், பழுதான கீபோர்டுகளைச் சரிசெய்து கொடுத்த பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அரையாண்டுத் தேர்வு அட்டவணை தனியாக வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்